படகு விடும் முன்பு சாக்கடையை நிறுத்துங்கள்

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் ஆகாயத்தாமரைக்கு ஆண்டில் இரண்டு பருவம். சித்திரைக் கடைசியில் தூர்வாரும் பொக்லைன்கள் வாய்க்காலில் இறங்கும். மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் செடியை அள்ளிக் கரையில் போட்டுவிட்டுப் போகும். ஐப்பசியில் மழை வலுக்கும். பாலத்தடியில் செடி அடைத்துக்கொண்டு, தண்ணீர் நட்ட வயலுக்குள் ஏறும். அதே பொக்லைன்கள் இரவோடு இரவாகத் திரும்ப வரும். அதிகாரிகள் பார்வையிடும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மாதம் இருக்கிறது. அந்த மாதங்களுக்கு மதிப்பீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஆளும் இல்லை. செடிக்கு வேண்டியதும் அந்த மாதங்கள்தான்.

பாசன வாய்க்கால் அடைபட்டால் விவசாயி சத்தம் போடுவார், சாலையை மறிப்பார். அதனால் அங்கே வேலை எப்படியோ நடந்துவிடுகிறது. இப்போது நாம் நீர்நிலைகளிடம் வேறொன்றையும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். ஊர்க்குளத்தைச் சுற்றி நடைபாதை, விளக்கு, இருக்கை, ஏரியில் படகு, பக்கத்தில் சிறுவர் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை அழைத்துப் போக கடலூரில் வெள்ளி கடற்கரை, சிதம்பரத்தில் பிச்சாவரம் என்பதைத் தாண்டி அதிகம் இல்லாத மாவட்டத்தில் இந்த ஆசை நியாயமானதே. வீராணத்தில் படகு விட்டால் என்ன என்று ஏரிக்கரையில் நின்ற யாருக்கும் தோன்றியிருக்கும். படகு விடலாம். திறப்பு விழா அன்று ஓடிய படகு மூன்றாவது ஆண்டில் எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே யோசித்துவிட்டு விடலாம்.

ஆகாயத்தாமரையை இந்தப் பக்கத்தில் வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். அந்தச் செடியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. காம்பு நடுவில் உப்பியிருக்கும். கிள்ளினால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். அடியில் கறுத்து அடர்ந்த வேர்க்கொத்து. உதறினால் சேறும் நத்தையும் பொடி இறாலும் விழும். பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் அடுத்த செடி, அதன் பக்கவாட்டில் இன்னொன்று. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பத்து சேர்ந்து வருகிறது. வெயிலும் உரச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும். அது போதாதென்று, பூத்து முடிந்ததும் விதையைச் சேற்றில் இறக்கிவிடுகிறது. அந்த விதை 15, 20 ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். குளம் வற்றி, வெடித்து, மறுபடி நிரம்பும்போது முளைப்பது அதுதான். ஆகவே, ‘முற்றிலும் அகற்றப்பட்டது’ என்று எந்த அதிகாரியாவது அறிக்கை தந்தால், அவர் தண்ணீருக்கு மேலே மட்டும் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அகற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நெருங்கி மூடிக்கிடக்கும் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 200, 300 டன் பச்சைச் செடி இருக்கும். ஏக்கருக்கு 100 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் கோயில் குளத்துக்கு 200 டன்; பத்து டன் டிப்பரில் இருபது லோடு. அதில் 95 விழுக்காடு வெறும் தண்ணீர். டீசலும் வாடகையும் போட்டுத் தண்ணீரை ஊருக்கு வெளியே சுமந்துபோக எந்த ஒப்பந்தக்காரரும் விரும்பமாட்டார். எனவே, செடி கரையிலேயே கிடக்கும். காயும், அழுகும், முதல் மழையில் அந்தச் சாறு முழுவதும் குளத்துக்கே இறங்கும். எந்தச் சத்தை உறிஞ்சி வளர்ந்ததோ அதே சத்து திரும்பக் குளத்துக்குப் போய்ச் சேர்கிறது. கரையிலிருந்து உருண்டு விழும் நாலு துண்டு, அடுத்த போகத்துக்கு நாற்று.

பொக்லைனின் கை எட்டுகிற தூரமும் கொஞ்சம்தான். கரையோரம் சுத்தமாகும், படம் எடுக்கலாம். நடுவில் கிடப்பது அப்படியே கிடக்கும். மேல்காற்று அடித்தால் கிழக்குக் கரைக்கும், வாடை அடித்தால் தெற்குக் கரைக்குமாக அது ஊர்ந்து வந்து, காலையில் சுத்தம் செய்த இடத்தைச் சாயங்காலத்துக்குள் மூடிவிடும். நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, அரிவாளால் படலத்தைப் பத்தி பத்தியாக அறுத்து, கயிறு போட்டுக் கரைக்கு இழுக்கும் கூலியாட்களுக்கு இந்தக் காற்றுக் கணக்கு தெரியும். எந்தப் பக்கம் செடி தானாக ஒதுங்குகிறதோ அங்கே நின்றுகொண்டு எடுப்பார்கள். பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். ஒப்பந்த வேலையின் அளவுப் புத்தகமான ‘எம் புக்’கில் எழுதுகிறவர்களிடம் இந்த அறிவை எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு பரப்பில் எடுத்தோம் என்பது அதில் இருக்கும். மூன்று மாதம் கழித்து எவ்வளவு பரப்பு திறந்திருந்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது.

அமேசான் பகுதியில் பிறந்த செடி இது. பூவின் அழகுக்காக உலகம் முழுக்கச் சுமந்துபோனார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது; சில பத்தாண்டுகளில் படகுப் போக்குவரத்தையும் நெல் வயலையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. 1921-ல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் அதற்கென ஒரு குழு போட்டார்கள். 1936-ல் தனிச்சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தலில் ஆகாயத்தாமரை ஒழிப்பு வாக்குறுதியாகவே இடம்பெற்றது. இலங்கையில் அதற்கும் முன்பே, 1909-ல், இந்த ஒரு செடிக்காகவே அவசரச் சட்டம் போட்டார்கள். நம் சென்னை மாகாணமும் சும்மா இருக்கவில்லை. 1919-ல் கொண்டுவந்த வேளாண் பூச்சி, நோய்கள் சட்டத்தில் தீங்கு தரும் களைகளையும் சேர்த்துக்கொண்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரே களையை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அரசு எடுத்துவிட்டுச் செலவை வசூலிக்கும் என்பதுதான் இப்படிப்பட்ட சட்டங்களின் போக்கு. நீர்நிலைக்குச் சொந்தக்காரரே அரசாக இருக்கும்போது யார் யாரிடம் வசூலிப்பது என்பதில்தான் விஷயம் நின்றுபோனது. சட்டத்தால் செடி சாகவில்லை. வங்காளத்திலும் சாகவில்லை.

பூச்சியால் ஓரளவு செத்தது. தென் அமெரிக்காவில் இந்தச் செடியை மட்டுமே தின்று வாழும் நியோகெட்டினா என்ற கூன்வண்டு உண்டு. அரை சென்டிமீட்டர் நீளம், சாம்பல் பழுப்பு நிறம், இரவில்தான் மேயும். அது சுரண்டிய இலையில் வெளிறிய சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். புழுவோ காம்புக்குள் துளைத்துக்கொண்டு போகும். காற்றறைக்குள் தண்ணீர் புகுந்து செடி தாழும். 1980-களின் தொடக்கத்தில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்த வண்டுகளை வரவழைத்து, பயிர்களைத் தொடுவதில்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகு, பெங்களூரைச் சுற்றிய ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் இரண்டு மூன்று ஆண்டுகளில் செடிப்பரப்பு வெகுவாகச் சுருங்கியது. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று பெயரெடுத்த சால்வினியா என்ற மிதக்கும் களையை அதே பத்தாண்டில் இன்னொரு கூன்வண்டு அடக்கியது. 1995-ல் விக்டோரியா ஏரியின் உகாண்டா பக்கத்தில் நியோகெட்டினாவை விட்டபோது, சில ஆண்டுகளில் மலை மலையாகக் கிடந்த செடி உடைந்து மூழ்கியது. அந்தச் சமயத்துப் பெருமழையும் புயலலையும் கைகொடுத்தன. பிறகு, நகரக் கழிவு கலக்கும் வளைகுடாக்களில் செடி மறுபடி தலையெடுத்தது. இந்தக் கடைசி வரியை நம் ஊர்க்காரர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் பெங்களூருக்கும் உகாண்டாவுக்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் சிதம்பரத்தின் விசேஷம். ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலைநகர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில் களை அறிவியலை நீண்டகாலம் நடத்தியவர் பேராசிரியர் ராம.கதிரேசன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். நம் ஊர்ச் செடிகள் பலவற்றின் தூளை ஆகாயத்தாமரை மேல் சோதித்துப் பார்த்ததில், வீட்டு வாசலில் சளிக்காக வளர்க்கும் கற்பூரவல்லி அதைக் கொல்கிறது என்று கண்டு, 2000-ல் ‘கிராப் புரொடெக்‌ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். கூன்வண்டை முதலில் மேயவிட்டு, அது சுரண்டிய காயங்களின் வழியே கற்பூரவல்லிச் சாறு இறங்கும்படி இரண்டையும் சேர்க்கும் முறையும் அங்கே ஆராயப்பட்டது. இதில் ஓர் உள்ளூர் நியாயம் இருக்கிறது. பெங்களூர் ஏரிகளைப் போல நம் கடைமடை வாய்க்கால்களில் ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்பதில்லை. ஆறு மாதம் வெள்ளம், சில மாதம் வறட்சி. வண்டு பெருகுவதற்குள் தண்ணீர் வற்றும், அல்லது பொக்லைன் வந்து வண்டோடு சேர்த்து அள்ளிவிடும். மெதுவாக வேலை செய்யும் பூச்சியையும் சீக்கிரம் வேலை செய்யும் சாற்றையும் இந்த நீரோட்டத்துக்கு ஏற்பச் சேர்ப்பது எப்படி என்பது சிதம்பரத்துக்கே உரிய கேள்வி. பதிலைத் தேடியவர்களும் சிதம்பரத்தில்தான் இருந்தார்கள்.

வீராணத்துக்குப் போவோம். ‘பொன்னியின் செல்வன்’ படித்த தலைமுறைக்கு அந்தக் கரையில் குதிரைக் குளம்பொலிதான் முதலில் கேட்கும், போகட்டும். முதல் பராந்தகன் காலத்துச் சோழர் ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிரம்புகிறது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு மட்டம் 47.5 அடி. பாசனம் பெறுவது 44,856 ஏக்கர். 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீரும் போகிறது. இவ்வளவு அகன்ற ஏரியின் நடுவில் அலை அடித்துக்கொண்டே இருப்பதால் மிதக்கும் செடி அங்கே நிலைகொள்வது கடினம். வடவாறு நுழையும் வாய், மதகுகளின் முகப்பு, மண் மேடிட்ட ஓரங்கள், இவைதாம் அதன் தங்குமிடம். படகுத் துறை அமைப்பதென்றாலும் காற்றுக்கு ஒதுக்குப்புறமாக, ஆழம் குறைந்த இடத்தில்தான் அமைப்பார்கள். அதாவது, செடிக்குப் பிடித்த இடமும் படகுத் துறைக்குப் பிடித்த இடமும் ஒன்றே.

இந்த ஏரியில் களைக்கொல்லி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. தெளித்தால் ஒரே வாரத்தில் பச்சை பழுப்பாகும் என்பது உண்மைதான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உரிய உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் தவிர வேறு யாரும் தெளிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. குடிநீர் ஏரிக்கு அந்த விலக்கும் வேண்டாம். மருந்தின் எச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். நூற்றுக்கணக்கான டன் செடி ஒரே நேரத்தில் தண்ணீருக்குள்ளேயே செத்து அழுகினால், நீரிலுள்ள உயிர்க்காற்று தீர்ந்து மீன் மிதக்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் முதலும் அதோடு மிதக்கும்.

சிதம்பரம் நகரின் கதை வேறு. தில்லையின் தீர்த்தங்கள் பத்து என்பார்கள். கோயிலுக்குள் சிவகங்கை, வெளியே இளமையாக்கினார் கோயில் குளம், அனந்தீஸ்வரர் கோயில் குளம், நாகசேரி, தில்லைக்காளி கோயில் குளம் என்று பட்டியல் நீளும். பத்துக்கு வெளியேயும் ஞானப்பிரகாசம் குளம், ஓமக்குளம் உண்டு. வாய்க்காலில் வரும் ஆற்றுநீரும் மழையும் நிரப்பிய குளங்கள் இவை. கோடையில் வற்றும், அல்லது முழங்காலளவுக்கு இறங்கும். வற்றிய குளத்தில் வண்டல் எடுப்பார்கள். வெயில் சேற்றைப் பொசுக்கும். மிதக்கும் செடி கருகும். ஆண்டுக்கொரு முறை குளத்துக்குக் கிடைத்த இந்த ஓய்வை நாம் பறித்துவிட்டோம். தமிழ்நாட்டின் எந்த நகரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீர் வந்த வாய்க்கால் தூர்ந்தோ ஆக்கிரமிப்பிலோ போய்விட்டது. அதற்குப் பதில் வீடுகளின், விடுதிகளின் கழிவுநீர் குளத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. சித்திரை வெயிலிலும் குளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. கோடையில் வற்றாத நகரக் குளத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கரையைச் சுற்றி நடந்தால் கால் மணி நேரத்தில் குழாய் வாய் கண்ணில் படும். குழாய்க்கு எதிரே செடி தடித்து, கரும்பச்சையாக, இடுப்புயரம் நிற்கும். தூரம் போகப் போகக் குட்டையாகி வெளிறும். சாக்கடை எங்கே கலக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடம் எந்த நகராட்சியிடமும் இருக்காது.

‘செடி தண்ணீரைச் சுத்தம் செய்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஒரு வாதம் வருவதுண்டு. கழிவுநீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஆகாயத்தாமரை உறிஞ்சுவது மெய். உறிஞ்சியதை அவ்வப்போது வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது சுத்திகரிப்பு. அங்கேயே பழுத்து அங்கேயே விழுந்தால் அடியில் சேறு ஏறும், அவ்வளவுதான். ஆவியாதலும் அதிகம். திறந்த நீர்ப்பரப்பில் போவதைவிட இலைகளின் வழியே கூடுதல் தண்ணீர் போகிறது. வேர்க்கொத்துகளில் ஒட்டிக்கொண்டு வளரும் மான்சோனியா கொசு ஒரு தனிக் கதை. அதற்குள் கொஞ்சம் விரிவாகவே போகலாம், ஏனென்றால் களையை அடக்கியது யார் என்ற கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில் அங்கேதான் இருக்கிறது.

கேரளத்தில் சேர்த்தலை வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பெயர்போனதாக இருந்தது. நோயைப் பரப்பிய மான்சோனியா கொசுவின் புழு, தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடாது. மிதக்கும் செடியின் வேரில் குத்திக்கொண்டு அதிலிருந்தே காற்றை எடுக்கும். எனவே, எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. கடலூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி கொசுக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980-களின் நடுவில் அங்கே போனது. செடி இருந்தால் கொசு, செடி போனால் கொசு இல்லை என்பது தெரிந்த விஷயம். ஆயிரக்கணக்கான வீட்டுக் குளங்களில் தென்னைக்கு உரம் என்று மக்களே செடியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்கு என்று உத்தரவு போட்டால் நடக்காது. மையத்தினர் குளங்களில் கெண்டைக் குஞ்சுகளை விடவைத்தார்கள்; அதில் புல்கெண்டையும் உண்டு. மீன் வளர்க்க வேண்டுமானால் குளம் திறந்திருக்க வேண்டும். மீன் விற்ற காசு கைக்கு வந்த வீட்டுக்காரர், களை தலைகாட்டிய அன்றே பிடுங்கினார். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார்கள். ஒழிப்பு வாரம் கொண்டாடியதால் வந்த பலன் அல்ல இது. திறந்த தண்ணீரால் வாரந்தோறும் லாபமடைகிற ஒரு ஆள் கரையிலேயே இருந்தார்.

நம் ஏரி, குளங்களின் கரையில் அந்த ஆள் யார்? நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நகரக் குளம் நகராட்சிக்கு அல்லது அறநிலையத் துறைக்கு. மீன் மீன்வளத் துறைக்கு. படகு சுற்றுலாத் துறைக்கு. சாக்கடை மறுபடி நகராட்சிக்கு. படகுச் சீட்டு விற்கிறவருக்குச் சாக்கடை மேல் அதிகாரம் இல்லை. சாக்கடையை விடுகிறவருக்குப் படகு நின்றால் நஷ்டம் இல்லை. இதன் முழு விளைவையும் பார்க்க உதகைக்குப் போனால் போதும். 1820-களில் ஜான் சலிவன் அமைத்த ஏரி. தமிழ்நாட்டிலேயே படகுக்குக் கூட்டம் குவிகிற இடங்களில் ஒன்று. நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் நேரே அதில்தான் கலக்கிறது. ஒரு முனையில் சீட்டுக்கு வரிசை, மறுமுனையில் ஆகாயத்தாமரை. பல ஆண்டுகளாக அள்ளுகிறார்கள், பல ஆண்டுகளாக வருகிறது. 1863-ல் உருவான கொடைக்கானல் ஏரியிலும் நீர்க்களை எடுப்பது முடியாத வேலையாகவே தொடர்கிறது.

மிதக்கும் செடியை மட்டும் எடுத்துவிட்டுச் சத்தை விட்டுவைத்தால் நடப்பது இன்னொன்றும் உண்டு. அதுவரை இருட்டிக் கிடந்த தண்ணீருக்குள் வெயில் இறங்கும். அடியிலிருந்து வேலம்பாசி கிளம்பும். மிதிபடகின் துடுப்புச் சக்கரத்தில் சுற்றிக்கொள்வது இதுதான். புல்கெண்டை இதை விரும்பித் தின்னும். 1959-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட மீன்; குஞ்சு கிடைப்பதும் கடினமல்ல. ஆனால், ஆகாயத்தாமரையை அது சீந்தாது. அதனால் மீன் விட்டோம், களை போய்விடும் என்று எல்லாக் களைக்கும் ஒரே மருந்து சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கலாம். செடியிலிருந்து கூடை முடையலாம், நாற்காலி பின்னலாம் என்கிறவர்களிடமும்தான். கைத்தொழில் நல்லது, நாலு பெண்களுக்கு வருமானம் வந்தால் மகிழ்ச்சியே. கூடைக்கு வேண்டியது நீண்ட காம்புள்ள சில டன். குளத்தில் இருப்பது சில நூறு டன். மண்புழு உரமாக்குவது அதைவிடப் பொருத்தம், ஆனால் அதற்கும் செடியைக் கரையிலிருந்து நகர்த்தும் செலவை யாராவது ஏற்க வேண்டும்.

சுத்தம் என்ற பெயரில் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, நாலு பக்கமும் கான்கிரீட் சரிவு கட்டுவதும் எனக்கு உவப்பானதல்ல. அல்லியும் தாமரையும் கொட்டியும் இருந்த குளம்தான் குளம். ஓரத்தில் சம்பும் கோரையும் கொஞ்சம் நின்றால் கரையிலிருந்து வரும் அழுக்கை அவை வடிகட்டும். தாழைக்கோழிக்கும் தாமரைக்கோழிக்கும் இடம் கிடைக்கும். வாக்கிங் போகிறவர்களுக்கு வெறும் தண்ணீரைவிட அந்தக் கோழிகள் நல்ல காட்சி. சிமென்ட் தொட்டியாக்கிய குளத்தில் சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரைக்குப் போட்டியே இல்லை. அது ஒன்றுதான் வளரும்.

பிச்சாவரத்துக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். உப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை வாழாது. கடல்நீர் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே கருகத் தொடங்கும். ‘இதயக்கனி’ படத்துக்காக எம்.ஜி.ஆர். படகில் போன அந்தக் கழிகளில் இன்றும் நீரில் நிற்பது சுரபுன்னைதான். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் பிச்சாவரத்துக்கு இடம் கிடைத்தது. ஆனால், அந்தக் காட்டுக்கு நன்னீர் கொடுப்பவற்றில் கான்சாகிப் வாய்க்காலும் உப்பனாறும் உண்டு. சிதம்பரம் பகுதியில் நாம் வாய்க்காலில் விடுகிற எதுவும் கடைசியில் அந்தப் பக்கம்தான் போகிறது. வெள்ள நாட்களில் வரும் செடிப்படலம் கழியில் ஒதுங்கி, உப்பேறியதும் செத்து, அங்கேயே மட்கும். ராம்சர் பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் வாய்க்காலின் மேல்முனையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

ஆகவே, கடலூர் மாவட்டத்தில் இனி எந்தக் குளத்துக்கு நடைபாதை போட்டாலும், எந்த ஏரியில் படகு விட்டாலும், முதல் செலவு கழிவுநீர்க் குழாயைத் திருப்புவதற்கு இருக்க வேண்டும். அது முடியாமல் அலங்கார விளக்குக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதை நகர்மன்ற உறுப்பினர்கள் அனுமதிக்கக் கூடாது. இரண்டாவது, களை எடுக்கும் ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்கு எழுத வேண்டும். எடுத்த அளவுக்குப் பணம் என்றால், செடி திரும்ப வருவதே ஒப்பந்தக்காரருக்கு வருமானம். மாதக் கடைசியில் பரப்பு திறந்திருந்தால்தான் அந்த மாதத்துக் கூலி என்று எழுதிப் பாருங்கள். கரையில் குவித்துவிட்டுப் போக எவருக்கும் மனம் வராது. எடுத்த செடி நீர்வரம்புக்கு வெளியே போனதற்கு லோடு ரசீது கேட்க வேண்டும். படகுச் சீட்டில் ஒரு பங்கு சுற்றுலாத் துறையின் பொதுக்கணக்குக்குப் போகாமல் அந்த நீர்நிலையின் பராமரிப்புக்கே நிற்க வேண்டும். மீன்பாசிக் குத்தகையை ஓராண்டுக்குக் கொடுத்துவிட்டு, குத்தகைதாரர் ஏரியைப் பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதிலும் பொருளில்லை. உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நீண்ட குத்தகை கொடுத்து, களைக் கண்காணிப்பையும் அதோடு சேர்க்கலாம். சேர்த்தலையில் நடந்தது இதன் சின்ன வடிவம்தான்.

அண்ணாமலைநகருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ஒரே ஒரு குளத்தை மூன்றாண்டுக்கு வேளாண் புலத்திடம் ஒப்படைத்து, பொக்லைன் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால், வண்டும் கற்பூரவல்லியும் இந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு தூரம் போகும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். கழிவுநீர் கலக்காத குளமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்; சாக்கடைச் சத்தில் கொழுக்கும் செடியை வண்டு தின்று தீர்க்காது. வண்டு மெதுவாகத்தான் தின்னும். முதல் ஆண்டில் காட்டுவதற்குப் படம் எதுவும் இருக்காது என்பதை ஆட்சியர் அலுவலகம் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் இந்தத் திட்டத்தில் கடினமான பகுதி.

இதெல்லாம் நடக்க நாளாகும். இந்த ஐப்பசிக்குள் முடிகிற வேலை ஒன்றும் இருக்கிறது. கான்சாகிப் வாய்க்காலிலும் மற்ற வடிகால்களிலும் அடைப்பு விழும் பாலங்கள் எவை என்பது கரையோர ஊராட்சிகளில் எல்லோருக்கும் மனப்பாடம். பாலத்துக்கு ஐம்பது, நூறு மீட்டர் மேலே, வாய்க்காலின் குறுக்காகச் சாய்வாக ஒரு மிதவைக் கயிறு கட்டினால், வருகிற செடி பாலத்தின் கண்களுக்குள் போய்ச் செருகிக்கொள்ளாமல் ஒரு கரையில் ஒதுங்கும். காலையும் மாலையும் நாலு ஆள் நின்று இழுத்துப்போட்டால் போதும். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன்கள், நாலு பேருக்கு இரண்டு மாதக் கூலி. இரவில் பொக்லைனைத் தேடி ஆள் அனுப்பும் செலவில் பாதிகூட ஆகாது. இதற்கு அமைச்சர் வந்து கொடியசைக்க வேண்டிய அவசியமும் இல்லை.